பெட்டிக்குள் செய்த வேலை

நாலாம் வார்த்தையைப் பேச ஏறிய டாக்டர் செல்லத்துரை இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. ஏறும்போது மணி ஒன்று இருபது, இப்போது ஒன்று நாற்பத்தெட்டு, மனுஷன் இன்னும் எருசலேம் மதிலைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மற்ற வருஷமாக இருந்தால் ஹெப்சிபாவுக்கு இந்நேரம் கொட்டாவி வந்திருக்கும், பெரிய வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் மனசு வீட்டுக்குப் போய் ஊறவைத்த உளுந்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கும். இன்றைக்குக் கொட்டாவி வரவில்லை. டாக்டர் இறங்கவும் வேண்டும், இறங்கவும் கூடாது. இறங்கினால் ஐந்தாம் வார்த்தை வந்துவிடும், ஐந்தாம் வார்த்தை முடிந்தால் அவள் புருஷன் வேதமாணிக்கம் எழுந்து அக்கார்டியன் பெட்டியை மாட்டிக்கொள்வார், மாட்டிக்கொண்டு துருத்தியை இழுத்துவிட்டால் அதற்கப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. இந்தக் கோயில் வழக்கம் அப்படி. பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேர் பிரசங்கம், அன்றைக்கு மணி அடிப்பதில்லை, பெரிய ஆர்கனைப் பூட்டிக் கறுப்புத் துணி போர்த்திவிடுவார்கள். ஐந்தாம் வார்த்தைக்குப் பிறகு மட்டும் ஒரு அக்கார்டியன், ஒரே ஒரு கீர்த்தனை, அதுவும் மெட்டு மட்டும். யாரும் கூடப் பாடக் கூடாது. யார் எப்போது ஆரம்பித்துவைத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், ஆனால் மெட்டு முடிகிற வரை ஐந்நூறு பேரும் தலை குனிந்து மூச்சுக் காட்டாமல் இருப்பார்கள். இருபத்தாறு வருஷமாக வாசிக்கிறவர் வேதமாணிக்கம். அவர் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தது பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரியாது, பெரிய வெள்ளிக்கு வாசிக்கிறவர் என்றால் தெரியும். சத்தத்தை மூடி மறைக்க ஒரு பாட்டுக்குரல்கூட இல்லாத நேரத்தில், கல்லுச் சுவரும் உயரக் கூரையுமாக ஒரு தும்மலை மூன்று தும்மலாக்கித் திருப்பிக் கொடுக்கிற இந்தக் கோயிலில், அவள் மூன்று மாசமாக யாருக்கும் தெரியாமல் கெடுத்து வைத்திருக்கிற பெட்டி இன்னும் கொஞ்ச நேரத்தில் வாயைத் திறக்கப் போகிறது.

கெடுத்து என்று சொல்லலாமா. கெடுக்க நினைத்து அவள் எதையும் செய்யவில்லை. நினைத்துச் செய்ததென்ன, நினைக்காமல் செய்ததென்ன, உரசினது உரசினதுதான். அதோ முன்னால், தூணை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, காலடியில் பெட்டி. பெண்கள் பக்கத்தில் ஐந்தாவது பெஞ்சு, நடைபாதை ஓரம் அவள் இடம், அங்கிருந்து அவருடைய பாதி முகம் தெரிகிறது. நெற்றி வேர்வையை உள்ளங்கையால் வழித்து வேட்டியில் துடைத்துக்கொள்கிறார். கைக்குட்டை எங்கே போயிற்று. பெரிய வெள்ளிக்கென்றே அவருக்கு ஒரு கைக்குட்டை உண்டு, துவாலையில் பாதி அளவுக்குப் பெரிசு, நேற்று மத்தியானம் அவள்தான் இஸ்திரி போட்டுச் சட்டைக்கு மேலே மடித்து வைத்தாள். காலையில் சட்டைதான் இருந்தது, கைக்குட்டை இல்லை, பையில் வைத்துக்கொண்டார் என்று நினைத்தாள். எங்கே வைத்துத் தொலைத்தாரோ. இப்படித்தான் இந்த வாரமே எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது, நேற்று ராத்திரி அவள் பெரிய வியாழன் ஆராதனை முடிந்து வந்தபோது ஸ்க்ரூ டிரைவர் டிவி மேல் கிடந்தது. முழங்கால் வலிக்கிறது என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். ஸ்க்ரூ டிரைவரைத் தையல் மெஷின் டிராயரில் அல்லவா வைத்தோம், இல்லை, அவசரத்தில் இங்கேயே போட்டுவிட்டோமா, அவர் பார்த்திருப்பாரா, பார்த்தால்தான் என்ன நினைக்கப் போகிறார், வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கக் கூடாதா என்ன. எடுத்து டிராயரில் போட்டாள். திருடிக்கு எந்தச் சத்தமும் போலீஸ் சத்தம்தான்.

டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறார். முடிக்கப் போகிறாரா. இல்லை, தண்ணீர் குடித்துத் தெம்பாகிவிட்டார். ஜனவரியில் எல்லாம் ஆரம்பித்தது, கிறிஸ்மஸ் கீதங்கள் பாடித் தெருத்தெருவாகப் போய்வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஒரு சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "ஏட்டி, பெட்டி செத்துப்போச்சு" என்றார். "மேல இருக்க கட்டையெல்லாம் அமுங்கிப் போயிட்டு. ஈரம் ஏறிட்டா என்னன்னு பாரு." பார்க்க வேண்டியவள் அவள்தான். கல்யாணமான வருஷமே அப்படி முடிவாகிவிட்டது, ஒரு கட்டை சத்தம் வராமல் திணறியபோது, பெண்கள் பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருந்த புதுப்பெண் இடுக்கியைக் கொண்டுவந்து, தகட்டைக் கழற்றி, ரீடு என்கிற எஃகு நாக்கில் மாட்டியிருந்த ஒரு நூல் பிசிறை எடுத்துக் காட்டினாள். அன்றிலிருந்து வெளியே அவர், உள்ளே அவள். பதினோராயிரம் வோல்ட் லைனில் கைவைத்த மனுஷனுக்குப் பெட்டியின் குடலைப் பார்த்தால் தலை சுற்றும், முப்பது வருஷத்தில் ஒரு திருகாணியைத் தொட்டதில்லை. அவள் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டிரண்டு எஃகு நாக்கு, அவற்றைப் பிடித்திருக்கிற மெழுகு உதிரவில்லை, நாக்குக்கு மேலே காற்றை மறிக்கிற தோல் மடல்கள் சுருளவில்லை, துரு இல்லை. மூடிவிட்டு வாசித்துக் காட்டச் சொன்னாள். மேல்கட்டைகள் கணீரென்று இருந்தன. "நல்லாத்தானே இருக்கு" என்றாள். "இதா நல்லா இருக்கு? உனக்குக் காது கேக்கலியா?" என்று எரிந்து விழுந்தார்.

மறு வாரம் அவருக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துவிட்டு அவள் கஞ்சி கலக்கப் போனாள், அடுப்படிக்கே கேட்டது, பீப் பீப் என்று நாலைந்து தடவை, இவர் எடுக்கவே இல்லை. வந்து பார்த்தால் கையை இடுக்கிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். "இன்னும் சத்தம் வரலட்டி. பேட்டரி போச்சு போல." மறுநாள் லேபிலிருந்து இசைக்கவைகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள், அதிர்வெண் இருநூற்று ஐம்பத்தாறிலிருந்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு வரை, ரப்பர் கட்டையில் தட்டித் தட்டி அவர் காதருகே பிடித்தாள். ஒன்று விடாமல் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு சுரத்தின் பேரையும் சேர்த்தே சொன்னார், "நம்ம தெரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்குலா, அது ஜி-க்குக் கொஞ்சம் மேல பாடுது, கேட்டிருக்கியா?" என்று கூடுதலாக ஒன்று சொன்னார். அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள். விடியக்காலை பால்காரன் மணி கேட்டு விழித்தபோது உறைத்தது, பள்ளிக்கூடத்து இசைக்கவை ஐந்நூற்றுப் பன்னிரண்டோடு முடிந்துபோகிறது, அதற்கு மேலே பெட்டியில் இன்னும் இரண்டு ஸ்தாயி கிட்ட இருக்கிறது. அந்த இரண்டுக்கு அவளிடம் கவை இல்லை. அவரிடம் காது இல்லை. பால்காரன் மணி வாசலிலேயே நின்று அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் படுத்திருந்தவர் அசையவில்லை.

சொல்லியிருக்கலாம். ஊரில் காது மந்தமாகாத ஆள் யார், ஒரு மிஷினை வாங்கி மாட்டிக்கொண்டால் போயிற்று என்று யாரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு ராஜமணி சார் விஷயம் தெரியாது. தெரிந்தாலும் மறந்திருப்பார்கள். அவள் மறக்கவில்லை, இப்போதும் கழுத்தைத் திருப்பினால் ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி, ராஜமணி சார் உட்கார்ந்திருப்பது தெரியும், எண்பத்திரண்டு வயசு, கணக்கு வாத்தியார், ஒரு காலத்தில் கொயரில் அவர் குரலைக் கேட்கவே ஆட்கள் முன் பெஞ்சுக்கு வருவார்கள். காது போனது அவருக்கே தெரியவில்லை. பத்து வருஷத்துக்கு முந்தி ஒரு ஈஸ்டருக்கு அவர் பாட்டு ஒரு பக்கமும் மற்ற இருபது பேர் பாட்டு ஒரு பக்கமுமாகப் போனது, சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அடுத்த ஒத்திகையில் கொயர் தலைவர் வேதமாணிக்கம் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னார், "காது போனவரு கொயர்ல நிக்கக் கூடாது சார். அது பாட்டுக்கும் மரியாதை இல்ல, உங்களுக்கும் மரியாதை இல்ல." ராஜமணி சார் சண்டை போடவில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடினார், கடைசி பெஞ்சுக்குப் போனார், அங்கேயே இருந்துவிட்டார். அன்று வேதமாணிக்கம் சாப்பிடவில்லை. "சரியாத்தானட்டி சொன்னேன்?" என்று மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அவள் "சரிதான்" என்றாள். எப்படி வாய் வந்தது. சரி என்று சொன்னவளே இப்போது போய், உங்களுக்கும் அதே கதிதான் என்று எந்த வாயால் சொல்வாள். இவருக்குத் தீர்ப்புச் சொல்ல வேறு ஆள் வேண்டாம், தானே எழுதி வைத்த சட்டம் இருக்கிறது, ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டார், பெட்டியைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவார். போட்டுவிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வார். அந்த ஆறு மணியைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெறும் கையோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை.

அதனால் அவள் பெட்டியைத் திருத்தினாள். காதைத் திருத்த முடியாதவள் வேறு எதைத் திருத்துவாள். முதலில் துணி. முகப்பில் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட தகடு இருக்கிறதே, அதற்குப் பின்னால் மெரூன் நிறத்தில் ஒரு பட்டுத்துணி ஒட்டியிருக்கும், தூசி போகாமல் இருப்பதற்கு என்று வாங்கினவர்கள் நினைத்துக்கொள்வார்கள், உண்மையில் அது கூர்மையான சத்தத்தைக் கொஞ்சம் விழுங்கி மற்றதை வெளியே விடும். அவர் பென்ஷன் எடுக்கப் பேங்குக்குப் போயிருந்த சனிக்கிழமை நாலு திருகாணியைக் கழற்றித் துணியை உரித்தாள், மடித்துக்கொண்டுபோய் லேபில் இசைக்கவைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தாள். சாயங்காலம் அவர் உட்கார்ந்தார், இழுத்தார், கை நின்றது. முகம் மலர்ந்தது என்று கதைகளில் எழுதுவார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தாள். "ஏட்டி! என்ன செஞ்ச? பெட்டிக்கு உசிரு வந்துட்டு!" என்று சத்தம் போட்டார், இரண்டு மணி நேரம் வாசித்தார், ஆறிப்போன தோசையைத் தின்றுகொண்டே ஒரு கையால் வாசித்தார். அந்த ஒரு சாயங்காலம்தான் அவளைக் கெடுத்தது. மூன்றே வாரம், திரும்பவும் அமுங்குகிறது என்றார். பெட்டி அமுங்கவில்லை, அவருடைய காதுதான் இன்னும் ஒரு படி இறங்கியிருந்தது, அவளும் ஒரு படி இறங்கினாள். தோல் மடல்களை எடுத்துவிட்டு, அவருடைய முழங்கால் எக்ஸ்ரே படத்தைக் கத்தரியால் ரிப்பன் ரிப்பனாக வெட்டி ஒட்டினாள். தோல் மெத்தென்று மூடும், சத்தத்தின் முனை மழுங்கும், பிளாஸ்டிக் டப்பென்று மூடும், முனை அப்படியே வெளியே வரும், கூடவே ஒரு டக் டக்கும் வரும். அந்த டக் டக் அவருக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. இருக்கட்டும் என்று இருந்தாள், அவர் சிரித்துக்கொண்டே வாசித்தாரே.

கடைசியில் மார்ச் மாசம் நாக்கில் கைவைத்தாள். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும், துணியைத் திருப்பி வைக்கலாம், மடலைத் திருப்பி ஒட்டலாம், உரசின எஃகு வளருமா. ஒரு கட்டைக்கு இரண்டு நாக்கு என்றால் இரண்டும் ஒரே சுரம் இல்லை, ஒன்று மயிரிழை அதிகம், அந்த வித்தியாசத்தில்தான் சத்தம் ஏறி இறங்கி நடுங்கும், அக்கார்டியன் அக்கார்டியனாகக் கேட்பதே அந்த நடுக்கத்தால்தான். பிளஸ் ஒன் புத்தகத்தில் விம்மல் என்று போட்டிருக்கும், ஒரு விநாடிக்கு எத்தனை என்று பிள்ளைகள் எண்ணுவார்கள், அவளும் எண்ணினாள், நாலு. சும்மா நிற்கிற சத்தத்தைவிட அசைகிற சத்தம் காதுக்குச் சீக்கிரம் அகப்படும் என்று நினைத்தாள். நாக்குக்கு அடியில் மெல்லிசான இரும்புத் தகட்டைச் செருகி, நுனியில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் நுனி எடை குறையும், சுரம் ஏறும். நாலு ஐந்தானது. ஐந்து ஆறானது. மேல்ஸ்தாயியில் ஆறு கட்டையை ஏழுக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தால் தாளில் உப்புத்தூள் மாதிரி எஃகுத்தூள். அதைக் கொட்ட மனசு வராமல் மடித்து வைத்திருக்கிறாள், பைத்தியக்காரி, திருப்பி ஒட்டிவிடலாம் என்பது போல. அன்று சாயங்காலம் அவர் வாசித்தபோது அவளுக்குப் பல் கூசியது, தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது. "இப்பம் பரவால்ல" என்றார் அவர். பரவாயில்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"யக்கா, தப்பா நெனைக்காதிய. அண்ணாச்சி பெட்டி இப்பம்லாம் ஒரு மாதிரி கீச்சுங்குது. எங்க நாய் கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சிருது."

"ரீடு மாத்திருக்கு. பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்."

"அண்ணாச்சிகிட்ட சொல்லட்டா?"

"நீ ஒண்ணும் சொல்லாத. சொன்னா வருத்தப்படுவாவ."

ஸ்டெல்லா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்காமல் என்ன செய்வாள், மூன்று மாசமாக இந்த வீட்டில் ஒரே கத்தல் அல்லவா கேட்கிறது. மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது, உரக்கச் சொன்னால் ஏன் கத்துகிறாய் என்பார், அதனால் ஹெப்சிபா கோபக்காரியாகிவிட்டாள். சாப்பிட வாரியளா என்பதைக்கூடக் கோபமாகக் கேட்டால்தான் கத்துவதற்கு நியாயம் இருக்கும். கொழுந்தன் பெண்டாட்டி போனில் விசாரித்தாள், "மதினிக்கு பிரஷர் இருக்கோ?" இருக்கிறது என்றாள். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, அதற்கு இன்னொன்று. அதையாவது வீட்டுக்குள் வைத்துச் சமாளித்தாள், தாழ்ந்த கூரை, ஜன்னலுக்கெல்லாம் திரை, கட்டில் மெத்தை, கீச்சில் பாதியை அதுகள் குடித்துவிடும். இந்தக் கல்லுக்கட்டடம் எதைக் குடிக்கும். ஏழாக நடுங்குகிறது மோதித் திரும்பிப் பதினாலாகக் கேட்காதா. ஒவ்வொரு தலையாக நிமிரும். பின்னால் யாராவது காதைப் பொத்துவார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன, மூன்றாவது வரிசையில் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு இரண்டு உட்கார்ந்திருக்கின்றன, அதுகள் சிரிக்கும். சிரிப்பது அவருக்குக் கேட்காது, பார்ப்பார். பார்த்ததும் புரிந்துவிடும். ராஜமணி சாருக்கு ஒத்திகை அறையில் இருபது பேர் முன்னால் நடந்தது, இவருக்கு ஐந்நூறு பேர் முன்னால் நடக்கும், நடத்திவைத்தவள் பெண்டாட்டி. தனியாக வீட்டில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஏங்க, உங்களுக்குக் காது குறைஞ்சிட்டு என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இது இல்லை. அன்பு என்று நினைத்துத்தான் செய்தாள். பயத்தில் செய்திருக்கிறாள். இரண்டையும் இத்தனை வயசுக்கு அப்புறமும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஆமென். டாக்டர் இறங்கிவிட்டார். எப்போது முடித்தார், என்ன சொல்லி முடித்தார், ஒன்றும் காதில் ஏறவில்லை, எல்லாரும் எழுந்தபோது எழுந்து, உட்கார்ந்தபோது உட்கார்ந்தாள். ஐந்தாம் வார்த்தை, தாகத்தைப் பற்றியது, பேச ஏறினவள் கல்லூரிச் சின்னப்பெண், சிறுசுகள் சுருக்கமாகத்தான் பேசுவார்கள், பேசியும் தொலைக்கிறாள், நாலு வாக்கியத்தில் பாதி தூரம் வந்துவிட்டாள். மயங்கி விழலாமா. வெயில், உபவாசம், ஐம்பத்து நாலு வயசு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், நாலு பெண்கள் தூக்கி வெளியே கொண்டுபோவார்கள், அவர் பெட்டியை விட்டுவிட்டு ஓடி வருவார். அடுத்த வருஷம் வருமே. அடுத்த வருஷம் என்ன, ஈஸ்டர் நாளைக்கழித்து நிற்கிறது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பலாமா, இன்றைக்கு வாசிக்க வேண்டாம் என்று, ஏன் என்று கேட்டால். உள்ளங்கை வேர்த்துப் பாட்டுப் புத்தகத்தின் அட்டைச் சாயம் விரலில் ஒட்டியிருந்தது. மேலே அந்தப் பெண் தாகம் என்றாள். விழு, இப்போதே விழு. உடம்பு விழ மறுத்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த கையை அவளால் எடுக்கவே முடியவில்லை. பெண் முடித்துவிட்டாள், எட்டே நிமிஷம். காற்றாடிகளை நிறுத்தினார்கள், அதுவும் வழக்கம்தான், றெக்கைகள் தளர்ந்து தளர்ந்து நின்றன. ஐந்நூறு தலைகள் குனிந்தன. ஹெப்சிபா குனியவில்லை.

அவர் எழுந்து பெட்டியைத் தூக்கி வாரை ஒரு தோளிலும் மறு தோளிலும் மாட்டினார். துருத்தியின் பூட்டை விலக்கினார். பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம் முகப்புத் தகட்டில் விழுந்தது, அப்போதுதான் அவள் பார்த்தாள். துணியை எடுத்ததிலிருந்து அந்த ஓட்டைகளுக்குப் பின்னால் இருட்டாகத்தான் இருக்கும். இப்போது வெள்ளையாக இருந்தது. ஓட்டைக்கு ஓட்டை வெள்ளை, இஸ்திரி போட்ட வெள்ளை. அவளுக்குப் புரிவதற்குள் அவர் துருத்தியை இழுத்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கீச்சுக்குக் காத்திருந்தாள். கீச்சு வரவில்லை. மெட்டு வந்தது, மெதுவாக, அடுத்த அறையிலிருந்து ஒருவர் வாசிக்கிற மாதிரி, முனையெல்லாம் மழுங்கி, எக்ஸ்ரே மடல்களின் டக் டக் இருக்கிற இடமே தெரியாமல் வந்தது. அந்தக் கைக்குட்டை பட்டுத்துணிபோல மெல்லிசு இல்லை, முரட்டுப் பருத்தி, அள்ளி அள்ளி விழுங்கியது. ஆனால் நடுக்கத்தை அதால் விழுங்க முடியவில்லை. மெட்டு மேல்ஸ்தாயிக்கு ஏறினபோது அவள் உரசின அந்த ஆறு கட்டையும் துணிக்குப் பின்னால் ஏழு ஏழாக நடுங்கின, மார்ச் மாசத்திலிருந்து அவளுக்குப் பல் கூச வைத்த அதே நடுக்கம் இப்போது அழுது ஓய்ந்த பிறகு வருகிற மூச்சுமாதிரி இருந்தது. அவளுடைய அரமும் அவருடைய கைக்குட்டையும் சேர்ந்து போட்ட சத்தம் அது. இந்தப் பெட்டி முப்பது வருஷத்தில் இப்படி ஒரு நாளும் பாடினதில்லை. முன்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நேற்று ராத்திரி. முழங்கால் வலி என்றாரே. ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்து, பெட்டியின் குடலைப் பார்த்தாலே தலை சுற்றுகிற மனுஷன், நாலு திருகாணியையும் கழற்றிப் பார்த்திருக்கிறார், துணி இருந்த இடத்தில் பசைத் தடத்தைப் பார்த்திருக்கிறார், தன் முழங்கால் எலும்பு ரிப்பன் ரிப்பனாக உள்ளே ஒட்டியிருப்பதையும் நாக்கு நுனிகளில் அரம் பட்ட பளபளப்பையும் பார்த்திருக்கிறார். தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கணக்குக் கூட்டியிருக்கிறார். பட்டுத்துணி எங்கே என்று தெரியாமல் கைக்குட்டையை வைத்துத் திருகியிருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. ஏனென்றால் இப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டு வாசிக்கவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கண்ணை மூடி வாசிக்கிறவர் குனிந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார், தாடையைப் பெட்டியின் மேல்விளிம்பில் அழுத்தியிருந்தார், உதடு ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணியது. மேல்கட்டைகளில் கை போகும்போதெல்லாம் அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. கைக்குட்டையை வைத்தால் தனக்கு அதுவும் கேட்காது என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறார். மெட்டு முடிந்தது என்று விரலுக்குத்தான் தெரிந்தது, துருத்தியை மூடினார், பூட்டை மாட்டினார்.

தன் நாற்காலிக்குப் போக வேண்டியவர் போகவில்லை. பெட்டியைத் தூணோரம் இறக்கி வைத்துவிட்டு நடைபாதையில் நடந்து வந்தார். யாரும் தலை நிமிரவில்லை, மௌனம் இன்னும் முடியவில்லை. ஐந்தாவது பெஞ்சருகே நின்றார், அவள் பக்கம் குனிந்தார், காதோடு காதாகத்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பேசினார். பலிபீடம் வரைக்கும் கேட்டது.

"ஏட்டி, மேல அஞ்சாறு ரீடை ரொம்ப ஏத்திட்டலா. கீச்சுங்குதுன்னு ஸ்டெல்லா சொன்னா. வீட்டுக்குப் போயி எறக்கிரு. கேக்குறவியளுக்காவது நல்லா இருக்கணும்லா."

தலைகள் நிமிர்ந்தன. ஹெப்சிபா தலையை ஆட்டினாள். இறக்கலாம், நுனியில் உரசினதை அடியில் உரசினால் இறக்கலாம், நாக்கு இன்னும் மெலியும், ஆனால் இறங்கும். அவர் நிமிர்ந்து போனார். அவள் திரும்பிப் பார்த்தாள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் வாசலை ஒட்டி ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது, அதில் போய் உட்கார்ந்தார். ராஜமணி சார் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். பிறகு அவரும் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டார், "வாசிச்சாச்சா வே? நல்லா வந்துச்சா?"

"தெரியல சார்" என்றார் வேதமாணிக்கம். "எனக்குக் கேக்கலலா."

ஆறாம் வார்த்தைக்கு ஏறியிருந்த குருவானவர் புத்தகத்தைத் திறந்தபடி நின்றார். ஹெப்சிபா எழுந்தாள். மூன்று மாசமாகக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் அவரிடம் கத்தியிருக்கிறாள், இப்போது கோபம் ஒரு துளிகூட இல்லை, இல்லாமலே கத்த வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சு வரைக்கும் போக வேண்டும்.

"நல்லா இருந்துச்சுங்க!" என்றாள்.

கல்லுச் சுவர் அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னது. கடைசி பெஞ்சில் அவர் கையைத் தூக்கிக் காட்டினார், கேட்டுவிட்டது என்று. அவள் உட்கார்ந்தாள். காற்றாடிகளைப் போட்டார்கள், குருவானவர் ஆறாம் வார்த்தையை வாசிக்க ஆரம்பித்தார்.